ஃபுல் சைஸ் என்பது யாருடைய சைஸ்? கிட்டார் பெருத்த கதை

கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம், தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது தங்கச்சிக்கு ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டு போனேன். கடையில் ஒரு சின்னதும் இருந்தது. "அது பிள்ளைங்களுக்கு தம்பி, இதுதான் ஃபுல் சைஸ்" என்று கடைக்காரர் பெரியதைத் தூக்கிக் கையில் கொடுத்தார். ஃபுல் என்று இருக்கும்போது யார்தான் அரையும் முக்காலும் வாங்குவார்கள்? கோட்டையிலிருந்து ஹட்டன் வரைக்கும் ரயிலில் அதற்கு ஓர் இடம் பிடிக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. கட்டில், அலுமாரி, சாமிப்படம், பாட்டியின் ட்ரங்குப் பெட்டி. இதற்கு நடுவில் கிட்டாரோடு உட்கார வேண்டும். தங்கச்சிக்கு அப்போது 15 வயது. ஆசையாகத்தான் தொடங்கினாள். இரண்டே மாதம். "தோள் வலிக்குதுண்ணே. கை எட்டல. எனக்கு வராது போல" என்றாள். இருபது வருசம் கொழுந்து எடுத்த அம்மா, "தோள் வலிக்காத வேலை எங்க இருக்கு?" என்று கேட்டார். கிட்டார் ஆணியில் தொங்கியது. அவளுக்கு இசை வராது என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். அவளும்தான்.

இரண்டு வருசம் கழித்து நுவரெலியாவில் ஒரு நண்பன் வீட்டில் இன்னொரு கிட்டார் கையில் கிடைத்தது. இடுப்பு ஒடுங்கியது, கனம் குறைந்தது. விளையாட்டாக எடுத்தவள் முக்கால் மணி நேரம் கீழே வைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "அப்ப அது என் தப்பு இல்லையாண்ணே?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். கிட்டாரின் 'ஃபுல் சைஸ்' எப்போது, யாருக்காக முடிவானது?

சின்னதுதான் முதலில் வந்தது

போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். அந்தக் காலத்து ஸ்பெயின், போர்த்துக்கல் கிட்டார்களை இன்று பார்த்தால் பொம்மை என்றுதான் நினைப்போம். ஒடிசலான உடம்பு, நான்கு வரிசைக் கம்பிகள். 1658இல் போர்த்துக்கேயர் ஆட்சி போனது, பாட்டு போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியரின் காஃப்ரிஞ்ஞாவும், கல்யாண வீட்டில் நாம் ஆடும் பைலாவும் அந்த வேரில் முளைத்தவை.

இன்னொரு கப்பல் கதை எனக்கு இதைவிட நெருக்கமானது. போர்த்துக்கலுக்குச் சொந்தமான மதேரா தீவில் 'மஷெட்டி' என்று ஒரு குட்டிக் கிட்டார் உண்டு. நான்கே கம்பி. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் மதேராவிலிருந்து 400க்கும் மேற்பட்ட ஆட்களை ஹவாய்க்குக் கொண்டுபோய் இறக்கியது. எதற்கு? கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய. அதில் மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்று மூன்று தச்சர்களும் இருந்தார்கள். அவர்கள் ஹொனலூலுவில் செய்து விற்ற குட்டி வாத்தியம்தான் உக்குலேலே. இன்றைக்கு உலகம் முழுக்கப் பிள்ளைகள் கையில் இருக்கும் அந்த வாத்தியம், தோட்டத்துக்குப் பிடித்துப்போன ஆட்களோடு கப்பலேறி வந்தது.

நம்ம ஆட்கள் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தவர்கள். மலையகம் 200 நினைவாக 2023இல் அந்தப் பாதையில் மறுபடி நடந்தவர்களுக்கு அதன் தூரம் காலில் தெரியும். அப்படி நடக்கிறவர் எதைச் சுமக்க முடியும்? தப்பைத் தோளில் மாட்டலாம். பாட்டை வாயில் சுமக்கலாம். நெடுந்தூரம் போன எளிய மக்களின் வாத்தியங்கள் பெரும்பாலும் ஆளின் உடம்புக்கு அடங்கியவை.

பூஜ்ஜியத்துக்குக் கீழே எண் இல்லை

இனி கிட்டாரின் அளவு எப்படி எண்ணாக மாறியது என்று பார்ப்போம். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் பிறந்த சி.எஃப். மார்ட்டின் என்ற கிட்டார் தச்சர் 1833இல் நியூயோர்க் போனார். பிறகு பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் குடியேறினார். அவர் பெயரிலான கம்பனி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அங்கே அளவுக்கு எண் வைத்தார்கள். எண் குறையக் குறைய உடம்பு பெரிசு. கிட்டாரின் கீழ்ப் பகுதியில் ஆக அகலமான இடத்தை அளந்தால் 3ஆம் நம்பர் 11 1/4 அங்குலம், 2ஆம் நம்பர் 12, 1ஆம் நம்பர் 12 3/4. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் 1ஆம் நம்பரே பெரிய கிட்டார்தான். வீட்டு முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்து கேட்க அது தாராளம். வாசித்தவர்களில் பெண்கள் நிறைய. அதே காலத்து லண்டனில் கிட்டார் ஆசிரியை என்றாலே மேடம் சிட்னி பிராட்டன்தான். விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸ் இளவரசியும் அவருடைய மாணவி.

பிறகு இன்னும் பெரிசாகக் கேட்டார்கள். 0 வந்தது, 13 1/2 அங்குலம். அதற்கு மேல் எண் இல்லை. என்ன செய்வது? இன்னொரு பூஜ்ஜியம் போட்டார்கள்: 00. 1902இல் மூன்றாவது பூஜ்ஜியம்: 000, 15 அங்குலம். நம்ம ஊரில் வீட்டுக்கு முன்னால் இறக்கிய இஸ்தோப்பை அடைத்துக் காம்பராவாக்கி, பிறகு அதற்கு முன்னால் இன்னொரு இஸ்தோப்பு இறக்குவோமே, அந்த மாதிரி.

ஸ்பெயினிலும் இதே போக்குத்தான். அந்தோனியோ தெ தோரஸ் என்ற தச்சர் 1850களில் கிட்டாரின் உடம்பை அகலமாக்கினார். இன்றைய நைலோன் கம்பிக் கிளாசிக்கல் கிட்டாரின் வடிவம் அவரிடமிருந்துதான் வருகிறது.

போர்க்கப்பலின் பெயர்

இந்தப் பெருக்கத்துக்கு ஒரே காரணம் சத்தம். மைக் இல்லாத காலம். 1915இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் ஹவாய்ப் பாட்டு மோகம் பற்றிக்கொண்டது. அதற்கு இரும்புக் கம்பி வேண்டும், ஓங்கிய ஒலி வேண்டும். பேன்ஜோவுக்கும் பிடிலுக்கும் நடுவில் உட்கார்ந்த கிட்டார்க்காரன் ஊமையாக இருந்தான்.

1916இல் டிட்சன் என்ற இசைக் கம்பனிக்காக மார்ட்டின் ஒரு ராட்சதக் கிட்டார் செய்தது. வைத்த பெயர் டிரெட்நாட். அது 1906இல் பிரிட்டிஷ் கடற்படை வெள்ளோட்டம் விட்ட போர்க்கப்பலின் பெயர். 1931இல் மார்ட்டின் அதைத் தன் சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. அகலம் 15 5/8 அங்குலம், ஆழம் கிட்டத்தட்ட 5 அங்குலம், இடுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. கவ்பாய்ப் பாட்டுக்காரர் ஜீன் ஒட்ரி 1933இல் தன் பெயரைச் சிப்பியில் பதித்து ஒன்று செய்வித்தார். படம், ரேடியோ, பிறகு டிவி என்று அந்த உருவம் உலகம் சுற்றியது. கிட்டார் வரையச் சொன்னால் பலரும் வரைவது அதைத்தான்.

என் தங்கச்சியின் மடியில் நான் வைத்தது இந்தப் போர்க்கப்பலின் மலிவான பேரப்பிள்ளை.

இதில் நான் கவனித்த ஒன்று: மைக்கும் அம்ப்ளிஃபயரும் வந்தபிறகு பெரிய உடம்புக்கான தேவை குறைந்துவிட்டது. சொல்லப்போனால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பெரிய கிட்டார்தான் சீக்கிரம் 'ஊ' என்று ஊளையிடும். ஆனால் தேவை போனபிறகும் அளவு தங்கிவிட்டது. கடைக்காரர்கள் அதற்கு 'ஃபுல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெரிய ஆட்கள் சின்னக் கிட்டாரை விட்டுவிடவும் இல்லை. ஜோன் பயஸ் பல வருசம் வாசித்தது 1929இல் செய்த ஒரு 0 அளவு மார்ட்டின். எரிக் கிளாப்டன் 1992இல் 'அன்பிளக்ட்' மேடையில் வைத்திருந்தது 000 வகை. சென்னையில் ரகுமானோடு மேடையேறிய எட் ஷீரன், 2015இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தைத் தனி ஆளாக நிரப்பியது 'லிட்டில் மார்ட்டின்' என்ற குட்டிக் கிட்டாரோடு.

சரி, எதை வாங்குவது?

நம்ம பக்கம் கிட்டார் ஒரு விளையாட்டுச் சாமான் இல்லை. 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். கடைக்காரர் சொல்லும் விலையை அதால் வகுத்துப் பாருங்க, அம்மாவுக்கு எத்தனை பேர் என்று தெரியும். அதனால் ஒருமுறை வாங்கும்போதே சரியாக வாங்க வேண்டும். நான் தப்பாக வாங்கிப் படித்த பாடம் இது.

முதலில் உட்காருங்க. கடையில் நின்றுகொண்டு அழகு பார்க்காதீங்க. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்து, வலது கையை மேலே போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிசம் இருங்க. வலது தோள் காதுப்பக்கம் ஏறுதா? கிட்டாரின் விளிம்பு முன்கையை அறுக்குதா? கம்பியைப் பார்க்க முதுகை வளைக்கிறீங்களா? அப்படியென்றால் உடம்பு பெரிசு, முக்கியமாக ஆழம் அதிகம். 000 கிட்டாரின் அகலம் டிரெட்நாட்டைவிட அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலேதான் குறைவு. ஆனால் இடுப்பு ஒடுங்கி, ஆழமும் முக்கால் அங்குலம் குறைவதால் தோளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியும்.

அடுத்து கம்பியின் நீளம். டிரெட்நாட்டில் 25.4 அங்குலம். சின்னக் கிட்டார்கள் பலதில் 24.9. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கணக்குப் போட்டால் 4 வீதம் குறைவு. 23.5 அங்குலக் கிட்டாரில் 14 வீதம் குறைவு. சின்ன விரலுக்கு அது பெரிய உதவி.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்க. 0, 00, 000 எல்லாம் முழுக் கிட்டார்கள். இணையத்தில் தேடும்போது கொன்செர்ட், கிராண்ட் கொன்செர்ட், ஓடிட்டோரியம் என்றும் பெயர் வரும். முக்கால் சைஸ் வேறு. அது பிள்ளைகளுக்கும் பயணத்துக்கும் செய்தது. கம்பி ரொம்பக் குட்டை என்பதால் மலிவானதில் சுருதி நிற்காது. பெரியவங்க தோளுக்குச் சின்ன உடம்பு வேண்டுமென்றால் முதலில் 0, 00, 000 பக்கம் பாருங்க.

இழப்பும் உண்டு. பெட்டிக்குள் காற்று குறைந்தால் அடித்தொனி குறையும். சேர்ச்சில் முப்பது பேர் பாட, மைக் இல்லாமல் நீங்க ஒருத்தர் ஓங்கி அடிக்க வேண்டுமென்றால் டிரெட்நாட்தான் கைகொடுக்கும். ஆனால் காம்பராவில் வாசிக்க, விரலால் மீட்ட, 'இளைய நிலா'வின் தொடக்கத்தை நூறு தடவை பழக, சின்ன உடம்பின் தெளிவு போதும். நம்ம லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு குடும்பம் தூங்குது என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக நம்ம குளிர். மார்கழிப் பனியும் தென்மேற்கு மழையும் மரத்துக்குள் இறங்கும். ஈரம் குடித்த கிட்டாரின் வயிறு உப்பும், கம்பி மேலே ஏறும், விரல் வலிக்கும். சுவர் ஆணியிலும் அடுப்புக்கு மேலும் மாட்டாதீங்க. உறையில் போட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் வெள்ளைப் பொட்டலத்தை உள்ளே போடுங்க. நம்ம ஈரத்துக்கு மலிவான ஒட்டுப்பலகைக் கிட்டார் ஒன்றும் மோசமில்லை, அது தனிமரப் பலகை அளவுக்குச் சீக்கிரம் கோணாது.

அந்தப் பெரிய கிட்டார் இப்போது பக்கத்துத் தோட்டத்துச் சேர்ச்சில் இருக்கிறது. ஆறடிப் பையன் ஒருத்தன் வைத்து வாசிக்கிறான், அவனுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தக் காசோடு கொஞ்சம் போட்டுத் தங்கச்சிக்கு ஒரு பழைய 00 வாங்கினோம். முதல்நாள் அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அதன் ஒடுங்கிய இடுப்பைத் தடவிப் பார்த்தார். கதையைச் சொன்னேன். கப்பல், மூன்று பூஜ்ஜியம், எல்லாம். கேட்டுவிட்டு, "கூடையும் எல்லாருக்கும் ஒரே அளவுதான் குடுத்தாங்க" என்றார். பிறகு எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போனார்.

யாராவது "எனக்கு வராது" என்று கிட்டாரை ஆணியில் மாட்டியிருந்தால், அதை இறக்கி ஒருமுறை அளந்து பாருங்க.