சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் சாத்தியமா? முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதல் குழந்தை சிசேரியனில் பிறந்தது. இப்போது இரண்டாவது முறை கர்ப்பம். "அப்போ இதுவும் ஆப்பரேஷன்தானே?" என்று குடும்பத்தில் எல்லாரும் கேட்பார்கள். சிலர் நல்ல நாள், நல்ல நேரம்கூடப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆனால் முதல் பிரசவம் சிசேரியன் என்பதாலேயே அடுத்ததும் சிசேரியனாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. சிங்கப்பூரில் பல பெண்கள் சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்தில் குழந்தை பெற்றிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதைச் சுருக்கமாக 'விபேக்' என்பார்கள். உங்கள் மருத்துவக் குறிப்பில் 'டோலாக்' என்று எழுதியிருந்தால் குழம்பவேண்டாம். சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்வது 'டோலாக்'. அந்த முயற்சி கைகூடினால் அது 'விபேக்'.

யாருக்கு இது பொருந்தும்? எதில் கவனம் தேவை?

"ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்"

இந்தக் கருத்துக்கு 100 வயதுக்கு மேல் ஆகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் எட்வின் கிரேகின் 1916இல் எழுதிய வரி அது. தேவையில்லாமல் முதல் சிசேரியனைச் செய்யாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கவே அவர் அப்படி எழுதினார்.

அந்தக் காலத்தில் கருப்பையின் மேல்பகுதியை மேலிருந்து கீழாக, நெட்டுவாக்கில் வெட்டுவார்கள். அடுத்த பிரசவ வலியின்போது அந்தத் தழும்பு பிரியும் அபாயம் அதிகம். இப்போது பெரும்பாலும் கருப்பையின் கீழ்ப்பகுதியில், குறுக்குவாக்கில் வெட்டுகிறார்கள். அந்தத் தழும்பு வலியை நன்றாகத் தாங்கும். அதனால்தான் சுகப்பிரசவத்தைப் பற்றி யோசிக்கவே முடிகிறது.

வாய்ப்பு எவ்வளவு?

பிரிட்டனின் மகப்பேற்று, மகளிர் மருத்துவர்களுக்கான அரச கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்வோரில் 72 முதல் 75 விழுக்காட்டினருக்கு அது கைகூடுகிறது. அதாவது, நால்வரில் ஏறத்தாழ மூவர்.

ஏற்கெனவே ஒருமுறையாவது சுகப்பிரசவம் ஆகியிருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்: 85 முதல் 90 விழுக்காடு.

முதல் சிசேரியனுக்கு என்ன காரணம் என்பதும் முக்கியம். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததால் சிசேரியன் செய்திருந்தால், இந்த முறை அந்தப் பிரச்சினை வராமலே போகலாம். பல மணிநேரம் வலி வந்தும் பிரசவம் முன்னேறவில்லை என்று செய்திருந்தால் வாய்ப்பு கொஞ்சம் குறையும். உடல் எடை அதிகமாக இருப்பது, வலியை மருந்தால் தூண்டவேண்டி வருவது ஆகியவையும் வாய்ப்பைக் குறைக்கும்.

யாருக்குப் பொருந்தாது?

- கருப்பையில் நெட்டுவாக்கில் வெட்டு இருந்தால்
- முன்பு கருப்பை கிழிந்திருந்தால்
- நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால்

இரண்டு சிசேரியன் ஆனவர்கள்? கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அனுபவமுள்ள மகப்பேற்று மருத்துவர் உங்கள் நிலையைத் தனியாக ஆராய்ந்த பிறகே முடிவெடுக்கவேண்டும். முதல் குழந்தை பிறந்து 12 மாதங்களுக்குள் அடுத்த பிரசவம் என்றால் தழும்பு பிரியும் அபாயம் கூடும். அதையும் மருத்துவர் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

அபாயம் என்ன?

எல்லாரும் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: வலியின்போது கருப்பைத் தழும்பு பிரிந்துவிடுமோ? சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யும் 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அப்படி நேர்கிறது. முன்கூட்டியே தேதி குறித்துச் சிசேரியன் செய்துகொள்வோரிடம் அது 10,000 பேரில் இரண்டுக்கும் குறைவு.

200இல் ஒன்று என்பது சிறிய எண். ஆனால் நேர்ந்தால் நிமிடங்களில் அறுவை சிகிச்சை செய்யவேண்டும். இல்லாவிட்டால் தாய், குழந்தை இருவரின் உயிருக்கும் ஆபத்து. அதனால் உடனடியாக அறுவை சிகிச்சை செய்யவும் ரத்தம் ஏற்றவும் வசதியுள்ள மருத்துவமனையில்தான் இதற்கு முயற்சி செய்யவேண்டும். வீட்டில் பிரசவம் பார்ப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பிரசவத்தின்போது குழந்தை இறக்கும் அபாயம் 10,000இல் ஏறத்தாழ 4. முதன்முறை குழந்தை பெறும் பெண்களுக்கு உள்ள அபாயமும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

மருந்து கொடுத்து வலியைத் தூண்டினால் தழும்பு பிரியும் அபாயம் இரண்டு, மூன்று மடங்கு கூடுகிறது. வலி வரவேண்டும் என்று பாட்டியோ அத்தையோ விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னால், அன்போடு மறுத்துவிடுங்கள். தழும்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் முயற்சி செய்யக்கூடாது.

அப்படியென்றால் சிசேரியனே பாதுகாப்பா?

அதிலும் இரண்டு பக்கம் உண்டு.

தேதி குறித்துச் செய்யும் சிசேரியனில் தழும்பு பிரியும் அபாயம் மிகக் குறைவு. ஆசனவாய்த் தசை கிழியும் அபாயமும் தவிர்க்கப்படும். சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் ஆவோரில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு அந்தக் காயம் ஏற்படலாம். வேலை, முதல் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிடவும் முடியும்.

ஆனால் உடல் தேற அதிக நாள் ஆகும். வீட்டில் "அம்மா தூக்கு" என்று ஓடிவரும் இரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அது எவ்வளவு சிரமம் என்று சொல்லவேண்டியதில்லை. சிசேரியனில் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு முதல் சில மணிநேரம் மூச்சு விடுவதில் சிரமம் இருக்கலாம். அதைக் குறைக்கவே, வேறு காரணம் இல்லாவிட்டால் 39 வாரத்துக்குப் பிறகு தேதி கொடுப்பார்கள். நல்ல நாள் பார்ப்பதாக இருந்தால் அதற்குப் பிறகு பாருங்கள்.

இன்னும் குழந்தைகள் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்கவேண்டும். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டி வளரும் அபாயம் கூடுகிறது. அப்படி ஒட்டினால் பிரசவத்தின்போது ரத்தப்போக்கு கடுமையாகலாம். சில சமயம் கருப்பையையே அகற்றவேண்டி வரலாம்.

பழைய அறிக்கையைத் தேடி எடுங்கள்

வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து முடிவெடுக்க முடியாது. தோலில் குறுக்காக இருக்கும். உள்ளே கருப்பையில் வெட்டு வேறு மாதிரி இருக்கலாம். குறைமாதக் குழந்தைக்கு அவசரமாகச் செய்த சிசேரியனில் அப்படி நடப்பதுண்டு. கருப்பையில் எப்படி வெட்டினார்கள் என்பது அறுவை சிகிச்சை அறிக்கையில்தான் இருக்கும்.

முதல் பிரசவம் சிங்கப்பூரில் வேறொரு மருத்துவமனையில் நடந்திருந்தால் அங்கே அறிக்கையைக் கேளுங்கள். ஜொகூரிலோ சென்னையிலோ திருச்சியிலோ நடந்திருந்தால் வந்துசேர நாளாகலாம். கர்ப்பம் உறுதியானவுடனே கேட்டுவிடுவது நல்லது. 38ஆவது வாரத்தில் தேட ஆரம்பித்தால் நேரம் போதாது.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தனியார் மருத்துவமனை... எங்கே போனாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்:

- டாக்டர், முதல் சிசேரியனுக்கான காரணம் மறுபடியும் வர வாய்ப்பு இருக்கா?
- என்னோட நிலைமைக்கு வெற்றி வாய்ப்பு எவ்வளவுன்னு நினைக்கிறீங்க?
- 40 வாரம் தாண்டியும் வலி வரலைன்னா என்ன செய்வீங்க? வலியைத் தூண்டுவீங்களா, சிசேரியனா?
- ராத்திரியில வலி வந்தா ஆப்பரேஷன் குழு மருத்துவமனையிலேயே இருப்பாங்களா?
- நீங்க அன்னைக்கு இல்லைன்னா யார் பார்ப்பாங்க?

கடைசி இரண்டு கேள்விகளும் தனியார் மருத்துவரிடம் செல்வோருக்கு மிக முக்கியம். மெடிசேவ் கணக்கிலிருந்து எடுக்கக்கூடிய தொகை பிரசவ முறையைப் பொறுத்து மாறும். முயற்சி அவசர சிசேரியனில் முடிந்தால் கட்டணம் எவ்வளவு ஆகும் என்பதையும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வலி வந்தால்?

வீட்டில் காத்திருக்கவேண்டாம். சீராக வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, வலி விட்ட பிறகும் தழும்பு இருக்கும் இடம் வலித்துக்கொண்டே இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

பிரசவ அறையில் குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணிப்பார்கள். தழும்பு பிரிந்தால் பெரும்பாலும் அதில்தான் முதலில் மாற்றம் தெரியும். கையில் ஊசி பொருத்தி, ரத்த மாதிரியும் எடுத்துவைப்பார்கள். எபிடியூரல் போட்டுக்கொள்ளத் தடையில்லை.

திட்டம் மாறினால்?

முயற்சி செய்வோரில் நால்வரில் ஒருவருக்குச் சிசேரியன்தான் ஆகும். வலி வந்த பிறகு செய்யும் அவசர சிசேரியனில், தேதி குறித்துச் செய்வதைவிடச் சிக்கல்கள் அதிகம். அதனால் இரண்டுக்கும் திட்டம் போடுங்கள். எந்தக் கட்டத்தில் முயற்சியை நிறுத்தலாம் என்று கணவரிடமும் மருத்துவரிடமும் முன்கூட்டியே பேசி, அதை எழுதி வையுங்கள்.

இடையில் மனம் மாறினாலும் தவறில்லை. சுகப்பிரசவம் வேண்டும் என்றவர் 37ஆவது வாரத்தில் சிசேரியன் போதும் என்று சொல்லலாம். சிசேரியனுக்குத் தேதி வாங்கியவருக்கு அதற்கு முன்பே வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவைக்கவேண்டும்.

மாமியாரும் தோழிகளும் அவரவர் அனுபவத்தைச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவர்களுடைய தழும்பு வேறு, உங்களுடையது வேறு. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது பழைய அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனைக்கு மருத்துவரை நாடுங்கள்.)