மழைநாளும் பால்வாளியும்: வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் ஆங்கில மரபுத்தொடர்கள்

ஒரு தொடரிலுள்ள சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பொருள் தெரிந்திருந்தும் தொடரின் பொருள் பிடிபடவில்லை என்றால் அது மரபுத்தொடர். 'கம்பி நீட்டினான்' என்பதில் கம்பியும் இல்லை, நீட்டலும் இல்லை. ஆள் நழுவி ஓடினான் என்பதே செய்தி. ஆங்கிலத்தில் 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் அவரை விதையைச் சிந்துவதன்று, மறைத்து வைத்ததை வெளியே சொல்லிவிடுவது. மலாயில் 'மூலுட் தெம்பாயான்' என்பதற்கு நேர்பொருள் தாழிவாய்; இரகசியம் தங்காதவரைச் சுட்டும் அத்தொடருக்குத் தமிழில் ஓட்டைவாய் இணையாக நிற்கும். மலேசியாவின் வட சிலாங்கூரில் கோல சிலாங்கூர், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங் வட்டாரங்களின் தமிழ்ப்பள்ளி மாணவர் இம்மூன்று மொழிகளின் மரபுத்தொடர்களையும் ஏறத்தாழ ஒரே வயதில் கற்கிறார். அவருக்கு ஆங்கில மரபுத்தொடரில் இடர் தருவது அந்நியமாகத் தோன்றும் தொடரன்று, பழகியதாகத் தோன்றும் தொடரே என்பது இக்கட்டுரையின் வாதம்.

நன்னூல் வகுத்த வழக்கு

மக்கள் ஒரு பொருளை ஏன் நேராகச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்கிறார்கள் என்பதற்குப் பவணந்தி முனிவர் நன்னூலில் மூன்று காரணம் காட்டினார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இம்மூன்றும் தகுதி வழக்கு. ஆங்கில மரபுத்தொடர்களையும் இந்தப் பகுப்பில் வைத்துப் பார்க்கலாம். இறப்பைக் 'கடந்து சென்றார்' என்று குறிக்கும் 'பாஸ் அவே' மங்கலம். ஒரு பென்னி நாணயம் போட்டுப் பொதுக் கழிப்பறைக் கதவைத் திறந்த காலத்தில் பிறந்த 'ஸ்பெண்ட் எ பென்னி' இடக்கரடக்கல்.

மூன்றாம் வகையே பெரிது. கப்பலோட்டிகளும் சீட்டாடிகளும் கிரிக்கெட் ஆடியவர்களும் தமக்குள் வழங்கிய குறிச்சொற்கள் கூட்டத்தை விட்டு வெளியேறிப் பொதுவழக்கானபோது மரபுத்தொடர்களாயின. தொழில் மறைந்தபின்னும் தொடர் நின்றது. தொழிலை அறியாத ஆங்கிலேயரும் அதன் பொருளைப் பேச்சிலிருந்தே கற்றுக்கொண்டனர். தோட்டப்புறத் தமிழிலும் இப்படி ஒரு குழூஉக்குறித் தொகுதி உண்டு. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு ஆங்கிலப் 'பரேட்' என்பதிலிருந்து வந்தது. பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பால் வடியும் கிண்ணமான மங்கு மலாய் 'மங்கோக்'. ஆக, இங்குள்ள மாணவர் இரவல் சொல்லுக்குப் புதியவரல்லர்.

ஆங்கிலம் வந்த வழி

ஆங்கிலம் தோட்டத்துக்குள் வந்தது, பேச்சாக வரவில்லை. துரைமார் தொழிலாளரிடம் பேச உடைந்த தமிழையோ மலாயையோ கற்றனர். ஆங்கிலம் பங்களாவிலும் ஆபீசிலும் தங்கியது. ஆபீசில் அமர்ந்த எழுத்தர்களான கிராணிமாருள் பலர் யாழ்ப்பாணத்தையும் கேரளத்தையும் சேர்ந்தவர்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடைவெளி இருந்தது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தமிழ்ப் பெயரையே தாங்கிய தென்னமரம் தோட்டத்தில் உருவானது. அதை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகொன்னியே இந்நாட்டைப் பற்றி எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930இல் கோன்கூர் பரிசு பெற்றது. தோட்டத்தின் பெயர் தமிழ், துரையின் தாய்மொழி பிரெஞ்சு, நிருவாக மொழி ஆங்கிலம், வட்டாரத்தின் பொதுமொழி மலாய் என்ற இந்த அடுக்கில் ஆங்கில மரபுத்தொடர் தொழிலாளர் காதில் விழ இடமே இல்லை.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் தோட்டப் பள்ளிகள் பெருகின. அவை தமிழ்வழிப் பள்ளிகள். 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாகத் தேசிய மொழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப் பள்ளியில் மலாய்வழியே தொடர்ந்தார். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. அது கொண்டுவந்தவை கலைச்சொற்கள். பேச்சுவழக்குத் தொடர்கள் அல்ல.

இதனால் ஆங்கில மரபுத்தொடர் பயிற்சிநூல் வழியாகவே மாணவரை அடைந்தது. தமிழ்ப் பாடத்திட்டத்தில் இணைமொழி, உவமைத்தொடர், இரட்டைக்கிளவி, பழமொழி ஆகியவற்றோடு மரபுத்தொடரும் மொழியணியாக இடம்பெறுகிறது. மலாய்ப் பாடத்தில் அதற்கிணையான சிம்புலான் பஹாசா உண்டு. தொடரை இடப்புறமும் பொருளை வலப்புறமும் எழுதி மனனம் செய்யும் பழக்கம் ஆங்கிலத்துக்கும் நீண்டது.

தொழில் தரும் பொருள்

மனனம் செய்தாலும் மனம் சும்மா இருப்பதில்லை; சொற்கள் காட்டும் காட்சியைத் தன் வாழ்வில் தேடுகிறது. தோட்டப்புறத்தில் அந்தத் தேடல் மூன்று விதமாக முடியக்கூடும்.

முதலாவது, காட்சியும் பொருளும் பொருந்துவது. 'சேவ் ஃபார் எ ரெய்னி டே' என்றால் மழைநாளுக்கென்று சேமித்து வை, அதாவது கைமுடைக் காலத்துக்கு ஒதுக்கி வை என்று பொருள். உழவை நம்பிய தமிழ் மரபில் மழை துன்பத்தின் அடையாளமன்று. வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வான்சிறப்பை வைத்தார். வானம் பார்த்த பூமியில் வளர்ந்த பிள்ளைக்கு மழைநாள் ஏன் கெட்ட நாள் என்பது விளங்காது. பால்மரத் தோட்டத்தில் நிலைமை வேறு. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுவழியே இறங்காமல் மரமெங்கும் பரவும். மங்கில் மழைநீர் கலந்து பால் வீணாகும். வெட்டு இல்லையேல் அன்றைய வருமானமும் இல்லை. ஆங்கிலேயருக்கு உருவகமாக இருந்தது பால்வெட்டுக் குடும்பத்துக்கு நேர்பொருளாகவே இருந்தது.

இரண்டாவது, பொருள் சரியாகவும் காரணம் தவறாகவும் அமைவது. 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்றால் பழைய போக்கை விட்டுத் திருந்தி வாழத் தொடங்குதல். பெப்ரவரி வாக்கில் இலையுதிர்த்துப் பின் தளிர்க்கும் பால்மரத்தை ஆண்டுதோறும் பார்ப்பவருக்கு இது மரத்தின் புத்திலையாகத் தோன்றினால் வியப்பில்லை. ஆங்கிலம் குறிப்பது புத்தகத்தின் தாளை. இத்தவறால் பொருளுக்குக் கேடில்லை. பனையேட்டில் எழுதிய தமிழருக்கு ஏடு என்றாலே இலையும் பக்கமும் ஒன்றுதான் என்று ஆசிரியர் சுட்டினால் காரணமும் நேராகிவிடும்.

மூன்றாவது, காட்சி பொருளைக் கெடுப்பது. 'கிக் த பக்கெட்' என்பதற்கு நேர்பொருள் வாளியை உதைத்தல்; வழக்கில் செத்துப்போதல். பிரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலேயே இது பதிவாகியுள்ளது. தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இருபுறமும் பால்வாளி தொங்க, சிந்தாமல் நடந்து ஸ்டோருக்குக் கொண்டுசேர்த்த குடும்பத்தில் வாளியை உதைப்பது என்றால் ஒருநாள் கூலியை மண்ணில் கொட்டுவது. 'தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொண்டான்' என்று பொருள்கொள்ள அங்கே எல்லா நியாயமும் உண்டு. வாக்கியச் சூழலும் பலவேளை அதைத் தடுக்காது.

பொருளை மனனம் செய்தவரும் இதில் தப்புவதில்லை. பயிற்சிநூல் 'இறத்தல்' என்று மட்டும் சொல்லும். ஆனால் இத்தொடர் 'மண்டையைப் போட்டான்' என்பதன் இனம். 'இறைவனடி சேர்ந்தார்' என்பதன் இனமன்று. இரங்கல் மடலில் இதை எழுதினால் அவமதிப்பாகும். நன்னூலின் நோக்கில் இது மங்கலத்தின் எதிர்முனையில் நிற்கும் கொச்சை. அன்றாடப் பொருள் என்பது யார், யாரிடம், எந்த இடத்தில் சொல்லலாம் என்பதையும் உள்ளடக்கியது.

மூன்று மொழிகளின் உடம்பு

கை, கால், தலை எல்லார்க்கும் பொது. ஆகவே உறுப்பை வைத்து எழுந்த தொடர்கள் எளியவை என்ற எண்ணம் பரவலானது. மூன்று மொழிகளையும் அருகருகே வைத்தால் அவ்வெண்ணம் நிற்பதில்லை.

திருடும் பழக்கமுள்ளவரைத் தமிழ் 'கை நீளம்' என்கிறது. மலாயின் 'பாஞ்சாங் தாங்கான்' என்பதும் நீண்ட கையே. ஆங்கிலமோ 'லைட் ஃபிங்கர்ட்', அதாவது இலேசான விரல்காரர் என்கிறது. மலாயில் 'ரிங்கான் தாங்கான்', இலேசான கை, என்பது ஓடிவந்து உதவுபவருக்குப் புகழ்ச்சி. மலாய்வழியே பொருள்தேடும் மாணவர் ஆங்கில வசையைப் பாராட்டாகக் கொள்ள வழியுண்டு.

'பிக் ஹெடட்' என்பது ஆங்கிலத்தில் தற்பெருமை பிடித்தவர். தமிழின் தலைக்கனமும் அதுவே. மலாயின் 'பெசார் கெப்பாலா' சொற்படி அதே பெரிய தலை என்றாலும், சொல்பேச்சுக் கேளாத முரட்டுத்தனத்தையே முதன்மையாகக் குறிக்கும். 'புல் சம்வன்ஸ் லெக்' என்றால் ஒருவரை விளையாட்டாக ஏய்த்துக் கேலிசெய்தல். தமிழில் காலை வாருவது துரோகம். நண்பர் சிரிப்புக்காகச் செய்ததை நம்பிக்கைத் துரோகமாக்கிவிடும் இந்தத் திரிபு.

இவற்றுள் முற்றிய எடுத்துக்காட்டு கால் ஆட்டுவது. மலாயில் 'கோயாங் காக்கி' என்றால் வேலையின்றிச் சுகமாக இருத்தல். தமிழிலும் உழைக்காமல் 'காலாட்டிக்கொண்டு சாப்பிடுகிறான்' என்பர். மலேசிய ஆங்கிலப் பேச்சு இதை அப்படியே ஏற்று 'ஷேக் லெக்' என்று சோம்பியிருப்பதைச் சொல்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் 'ஷேக் எ லெக்' என்பதற்கோ 'சீக்கிரம் எழுந்து கிளம்பு' என்று பொருள். ஒரே ஓர் 'எ' குறுக்கே நிற்கிறது, பொருளோ நேர்மாறு. இங்கே மாணவரின் மூன்று துணைகளும், தமிழும் மலாயும் உள்ளூர் ஆங்கிலமும், ஒன்றுகூடித் தவறான விடையையே உறுதிசெய்கின்றன. ஆனாலும் 'ஷேக் லெக்' பிழையான ஆங்கிலம் என்று தள்ளத்தக்கதன்று. அது இந்நாட்டில் பிறந்து இந்நாட்டில் செல்லும் மரபுத்தொடர். எல்லைக்கு அப்பால் செல்லாது என்பதையே மாணவர் அறிய வேண்டும்.

தொலைவிலிருப்பவை

'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்', பூனையும் நாயுமாகப் பெய்தல், அடைமழையைக் குறிக்கிறது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட உரையாடல் தொகுப்பில் இது காணப்படுகிறது. தமிழிலோ மலாயிலோ இதனோடு போட்டியிடும் விலங்கு மழை எதுவுமில்லை. எனவே மாணவர் ஊகிப்பதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறார். இக்கட்டான நிலையைச் சுட்டும் 'ஸ்டிக்கி விக்கெட்' போன்ற கிரிக்கெட் தொடர்கள் சென்னைச் சிறுவனுக்கு ஓரளவு வெளிச்சம். தோட்டத்துத் திடலில் ஆடியது கால்பந்து, கிரிக்கெட் அன்று. பந்தாட வராதவரைக் 'காக்கி பங்கு', பெஞ்சுக் கால், என்று கிண்டல்செய்யும் மலாய்த்தொடர் அங்கே உடனே விளங்கும். கிரிக்கெட் தொடர் விளங்காமல் நின்று விளக்கம் கேட்கும். அதில் தீங்கில்லை.

மாறாக, மலாயிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போன 'ரன் அமாக்' வீட்டுச் சொல்லாகத் தோன்றும். மலாய் 'அமோக்' கண்மூடித்தனமான கொலைவெறியைக் குறிப்பது. ஆங்கில அன்றாட வழக்கிலோ பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகள் ஆடிய அட்டகாசத்துக்கும் அதுவே போதும். வேர் தெரிந்தவருக்கே இங்கு அளவு தப்புகிறது.

எதிர்வாதமும் விடையும்

ஆங்கிலம் பேசுவோர் மரபுத்தொடரைப் பிரித்து எண்ணாமல் ஒரே அலகாகக் கையாள்கின்றனர், ஆகவே காட்சியை ஆராய்வது வீண் என்று வாதிடலாம். மொழியியலாளர் ஜான் சின்கிளேர் 1991இல் விளக்கிய மரபுத்தொடர் நெறி அந்தத் திசையில் செல்வது. ஆனால் தொடரைப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவருக்குத்தான் அது முழுதாகப் பொருந்தும். நூலில் கற்பவர் சொல்லிலிருந்தே தொடங்குகிறார். ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரிடம் சூசன் இருஹோ செய்த ஆய்வு 1986இல் வெளிவந்தது. இரு மொழியிலும் ஒன்றாக அமைந்த தொடர்கள் எளிதாயின. முற்றிலும் வேறானவை கடினமாயினும் தாய்மொழி அவற்றில் அவ்வளவாகக் குறுக்கிடவில்லை. ஒத்தும் ஒவ்வாமலும் இருந்தவற்றைத் தாமே ஆளும்போதுதான் குறுக்கீடு மிகுந்தது. அங்கே ஒப்பிடப்பட்டவை இரு மொழிகள். வட சிலாங்கூர் மாணவருக்குக் குறுக்கிடக்கூடியவை தமிழும் மலாயும் உள்ளூர் ஆங்கிலமும் என மூன்று.

கற்பித்தலுக்கு

மேற்கண்டவற்றால் மரபுத்தொடர்ப் பட்டியலின் அமைப்பே மாற வேண்டியதாகிறது. தொடர், பொருள் என்ற இரண்டு நிரல்கள் போதா. எவ்விடத்துக்குரிய தொடர் என்பது மூன்றாம் நிரலாகவும், அதனோடு குழம்பக்கூடிய தமிழ் அல்லது மலாய்த்தொடர் நான்காம் நிரலாகவும் வர வேண்டும். பூனையும் நாயுமான மழைக்கு நான்காம் நிரல் வெறுமையாக இருக்கலாம். 'ஷேக் எ லெக்' என்பதற்கு அந்நிரலே முதன்மை. பாட நேரத்தைப் பங்கிடுவதிலும் விந்தையான தொடர்களைக் குறைத்து, இணைபோலத் தோன்றும் தொடர்களைக் கூட்ட வேண்டும்.

பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டு, தோட்டக் குடும்பங்கள் தாமான்கள் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்ததால், மழைநாளும் பால்வாளியும் இளைய தலைமுறைக்குக் கேள்விச் செய்திகளாகிவிட்டன. தொழிலிலிருந்து வரும் துணையும் திரிபும் இனிக் குறையும். மலாயிலிருந்தும் மலேசிய ஆங்கிலத்திலிருந்தும் வரும் திரிபு குறையாது. நகர வாழ்வில் அவ்விரு மொழிகளின் புழக்கம் மிகுவதால் அது கூடும். புதிய பயிற்சிநூல் எழுதுவோர் முதலில் தொகுக்க வேண்டியது இந்த மும்மொழிப் பொய்யிணைகளின் பட்டியலையே.