தோட்டக் குடியிருப்பு உரிமை (கெடா)

கூலிம் மாவட்டத்திலுள்ள பாடாங் செராய் பட்டணம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தது. ஹென்றியேட்டா, விக்டோரியா என்ற தோட்டப் பெயர்கள் இன்றும் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் வாழ்கின்றன. தமிழகத்திலிருந்து வந்து பால்மரம் வெட்டியவர்களுக்கு நிர்வாகமே லயன் வீடு (லயம்) கொடுத்தது. அது வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். வயதாகி வேலை நின்ற பெற்றோர் அதே கூரையின் கீழ் இருக்க வேண்டுமானால், பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்து வேலைக்குப் போயாக வேண்டும்.

1950களில் இந்த நிலை நெருக்கடியானது. ஐரோப்பிய முதலாளிகள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள், கூறுபோட்டு மறுபடியும் விற்றார்கள். இதற்குத் ‘தோட்டத் துண்டாடல்’ என்று பெயர். சில ஏக்கர் வாங்கியவருக்கு மரம் தேவைப்பட்டது, லயம் தேவைப்படவில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் சட்டிபானையோடு சாலைக்கு வந்தன. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து 1962இல் நூலாக்கினார்.

மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவரும் அமைச்சருமான வீ. தி. சம்பந்தன் கண்ட வழி துணிச்சலானது: தோட்டத்தைத் தொழிலாளரே வாங்குவது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. துணைவியார் உமாசுந்தரியும் உடன்வர, அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தனர். சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். விரட்டப்பட இருந்தவர்களே பங்குதாரர்களானார்கள். அன்றாடச் சம்பளக்காரர்கள் சாதித்த இதற்கு ஈடாக மலேசியத் தமிழர் வரலாற்றில் அதிகம் சொல்ல முடியாது. 1974இல் அமைச்சரவையிலிருந்து விலகிய சம்பந்தன், 1979இல் மறையும் வரை சங்கத்தைக் கவனித்தார்.

ஆனால் பங்குச் சான்றிதழ் வேறு, வீட்டுக் ‘கிராண்டு’ (உரிமைப் பத்திரம்) வேறு. லயத்தைக் குடும்பத்தின் பேரில் எழுதித் தரும் சொந்த வீட்டுத் திட்டம் 1970களிலிருந்து பேசப்பட்டது; பெரும்பாலான தோட்டங்களில் பேச்சோடு நின்றது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் குடிநீர், மின்சாரம் போன்றவற்றை முதலாளியின் கடமையாக்கியது, உரிமையைத் தொடவில்லை. தோட்டங்கள் செம்பனைக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது பலர் வெறுங்கையோடு வெளியேறினர். ஓய்வுபெறும் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு வேண்டும் என்ற கோரிக்கையைச் சுங்கை சிப்புட்டின் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜும் மலேசிய சோசலிசக் கட்சியும் தொடர்ந்து எழுப்பி வருகின்றனர்.

446ஆம் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தொழிற்சாலை விடுதிகளுக்கும் நீண்டது. கூலிம் தொழிற்சாலைகளின் நேபாள, வங்கதேசத் தொழிலாளர் தங்குமிடங்களும் இப்போது அதற்குள் அடங்கும். அவையும் வேலை இருக்கும்வரைதான்.