நிகழ்வும் நெறியும்: கிறித்தவ வாழ்வின் புதுக்கம் குறித்து

1. வரையறை

புதுக்கம் என்னும் சொல்லை இக்கட்டுரையில் குறுகிய பொருளில் ஆள்கிறோம். முன்பே விசுவாசியாயிருக்கும் ஒருவருடைய விருப்பம், பழக்கம், பணம், உறவு ஆகியவை மறுபடியும் கிறிஸ்துவை நோக்கித் திரும்புவதே புதுக்கம். விசுவாசத்துக்குள் முதன்முதலாக வருதல் இதில் அடங்காது.

புதுக்கம் இருவகைப்படும். குறுகிய காலத்துக்குள் பலர் ஒருங்கே பாவ உணர்வும் மன்னிப்பின் நிச்சயமும் அடைவது நிகழ்வுப் புதுக்கம். சபைகள் எழுப்புதல் என்பது இதனையே. திரும்பத் திரும்பச் செய்யும் சிறு செயல்களால் ஒருவர் மெல்ல உருமாறுவது நெறிப் புதுக்கம். முன்னது மழை போன்றது, பின்னது ஏரி போன்றது. மழை வேறு, ஏரி வேறு என்பதை ஏரிக்கரையில் வாழும் செம்பரம்பாக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. ரோமர் நிருபத்தின் 12ஆம் அதிகாரம் மனம் புதிதாவதில் தொடங்கி, சில வசனங்களுக்குள்ளேயே விருந்தோம்பலுக்கும் பழிவாங்காமைக்கும் வந்துவிடுகிறது. பவுல் இரண்டையும் சேர்த்தே எழுதினார். ஆராயும் வசதிக்காகப் பிரிப்பவர்கள் நாம்.

2. நிகழ்வுப் புதுக்கம்: 1860

ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) திருநெல்வேலி மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். மிஷனரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் தாக்கத்தால் மிஷன் சம்பளத்தைச் சார்ந்திராமல் ஊழியம் செய்தார். 1840இல் கிறிஸ்டியான்பேட்டை என்னும் ஊரை அமைத்தார். 1860இல் அவரைச் சுற்றியிருந்தோரிடையே எழுப்புதல் தோன்றியது: உரத்த அழுகை, வெளிப்படையான பாவ அறிக்கை, தரிசனங்கள், அந்நிய பாஷை. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாகக் கூறப்படும் லாஸ் ஏஞ்சல்ஸ் கூட்டங்கள் நடந்தது 1906இல்தான். நம் சபைகளின் மேடைகளில் அந்த ஊரின் பெயர் கேட்கும் அளவுக்கு அருளப்பன் பெயர் கேட்பதில்லை.

இந்நிகழ்வின் விளைவுகளில் இரண்டைப் பிரித்துக் காணலாம். ஒன்று, சம்பளமின்றிச் சுவிசேஷம் சொல்லப் பலர் புறப்பட்டது. அங்கே எழுப்புதல் பிழைப்பையே தொட்டது. மற்றொன்று, திருவிதாங்கூரில் பின்னர் எழுந்த கிளையில் யூஸ்தூஸ் ஜோசப் 1875இல் கூறிய கணிப்பு: கிறிஸ்து 1881இல் வருவார் என்பது. அந்த ஆண்டும் கடந்தது. யுயோமயம் என்னும் சிறு சபை எஞ்சியது. உணர்ச்சியின் வலிமையில் இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்ததாக நாம் கருதவில்லை. அது எதனைப் பற்றிக்கொண்டது என்பதிலேயே வேறுபாடு.

3. நெறிப் புதுக்கம்: திருப்பத்தூர்

சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் மருத்துவர்கள். இருவரும் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். மணத்துறவு, கதர், மரக்கறி உணவு, பொதுவாழ்வு, நோயாளர் பணி ஆகியவை அதன் நியமங்கள். ஜெபாலயத்தைத் தமிழ்க் கோயிற் கட்டட முறையில் எழுப்பினார்கள்.

இவற்றுள் நாம் முதன்மையாகக் கருதுவது அழைக்கும் முறையை. ஏசுதாசன் ‘பெரியண்ணன்’, பேட்டன் ‘சின்னண்ணன்’. வெள்ளையர் ஆண்ட நாளில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பி முறையாக நின்றார். இந்த ஒழுங்கை நினைவூட்டத் தனிப் பிரசங்கம் தேவைப்படவில்லை. கூப்பிடும்போதெல்லாம் அது தானே நிறைவேறியது. கதர் நியமத்துக்கும் விலை இருந்தது: 1932இல் சென்னையில் கதர் உடுத்தி நின்ற பேட்டனைப் போலீசார் தாக்கி, சாயநீரைப் பீய்ச்சினர்.

4. நெறி தளர்வதன் காரணம்

ஆசிரமத்துக்கு வெளியே, வீடுகளிலும் நெறிகள் உண்டு. விளக்கு வைத்தபின் குடும்ப ஜெபம் என்பது பழைய ஒழுங்கு. அந்த வேளையில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்னும் எண்ணத்தின்மேல் அது நிற்கிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகும் குடும்பங்களில் தகப்பன் இரவில் புறப்படுவார், மகள் விடியலில் திரும்புவாள். ஜெபம் நின்றுபோவதைப் பக்திக்குறைவு என்று போதகர்கள் சொல்வது எளிது. நாம் அதனை நெறியின் அமைப்புக் குறை என்போம்.

நெறிகள் கடிகாரத்தைச் சார்ந்தவை, செயலைச் சார்ந்தவை என இருவகை. பிடி அரிசி இரண்டாம் வகை. உலை வைக்கும் பெண் ஒவ்வொரு முறையும் ஒரு பிடியைத் தனிப்பானையில் போடுகிறாள். அது ஆலயத்துக்கோ ஏழைகளுக்கோ போகிறது. உலை எந்நேரம் ஏறினாலும் நியமம் தவறாது. (இவ்வழக்கம் கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று, காஞ்சி மடத்தின் பிடி அரிசித் திட்டமும் தமிழர் அறிந்ததே.) சம்பளம் வந்தவுடன் தசமபாகத்தை எடுத்துவைத்தல், தூங்குமுன் சண்டையை முடித்தல், வண்டியைக் கிளப்புமுன் ஒரு சிறு ஜெபம் ஆகியனவும் இவ்வகையே. ஷிப்ட் மாறினாலும் இவை மாறுவதில்லை.

5. நெறியின் எல்லை

ஆயினும் சில செயல்கள் அன்றாடம் வருவதில்லை. மகளுக்கு வரன் பார்ப்பது, அண்ணன் தம்பி நிலம் பிரிப்பது போன்றவை வாழ்நாளில் ஓரிரு முறையே நேர்கின்றன. நாள்தோறும் பழகிய கை அங்கே உதவுவதில்லை. கிறித்தவ வரன் விளம்பரங்களில் திருச்சபைப் பிரிவின் பெயரோடு சாதிப் பெயரும் தயக்கமின்றி அச்சாகிறது. பிடி அரிசியைத் தவறவிடாத குடும்பங்களும் அவ்விளம்பரங்களைக் கொடுக்கின்றன. இவ்விடத்தில் நெறிப் புதுக்கத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. 1860இல் நடந்ததுபோல் பிறர் கேட்க வாய்விட்டுப் பாவத்தை அறிக்கையிடச் செய்யும் நிகழ்வே அதற்குத் தேவை. அந்த அறிக்கையில் சாதியின் பெயரும் சொல்லப்பட வேண்டும்.