இணையத்தளத் தடையும் பிரதி பேணலும்: ஒரு வரலாற்று நோக்கு

இணையத்தளங்கள் அடிக்கடி தடைப்படுவது பொறியியலாளரின் கவலை என்றே பொதுவாகக் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளிலே இணைய முகவரிகளும் நூற்பெயர்களோடு ஒருங்கே இடம்பெறத் தொடங்கியபின் இது வரலாற்று மாணவர்க்கும் உரிய பிரச்சினையாகிவிட்டது. நூலொன்றை மேற்கோள் காட்டும்பொழுது நாம் பதிப்பாண்டைக் குறிக்கின்றோம். இணையத்தளத்தைக் காட்டும்பொழுதோ 'பார்வையிட்ட நாள்' என ஒன்றைச் சேர்க்கின்றோம். அந்நாளுக்குப் பின்னரும் அப்பக்கம் அங்கிருக்கும் என்பதற்கு நாம் பொறுப்பல்லர் என்பதே அக்குறிப்பின் உட்பொருள்.

தடை என்னும் ஒரே சொல்லுக்குள் இருவேறு நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. ஒரு தளம் சில மணி நேரம் மூடப்பட்டுப் பின் மீளலாம். மற்றொன்று மீளாமலே போகலாம். திரையை நோக்கியிருப்பவருக்கு முதற்கணத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இவற்றுள் எது நிகழும் என்பதை நிர்ணயிப்பது பொறியின் தரமே என்பர் பலர். வரலாற்றைத் துருவி நோக்கின், மற்றொரு பிரதி எங்கே, யாரிடம் இருந்தது என்பதே பெரும்பாலும் அதனை நிர்ணயித்துள்ளது என்பது புலனாகும்.

வையவிரிவலையின் முதற் கணனியே இதற்குச் சான்று பகர்கின்றது. ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்திலே ரிம் பேர்ணேர்ஸ்-லீ என்பார் 1990ஆம் ஆண்டின் இறுதியில் நெக்ஸ்ற் வகைக் கணனியொன்றில் முதலாவது வழங்கியை இயக்கினார். கேட்போர்க்குப் பக்கங்களை எடுத்தனுப்பும் கணனியே வழங்கி எனப்படும். அந்த ஒரு கணனி அணைந்தால் அன்றைய வலை முழுவதுமே அணைந்துவிடும் நிலை இருந்தது. ஆகவே, இது வழங்கி, இதன் மின்னிணைப்பை நிறுத்தவேண்டாம் என்ற எச்சரிக்கை சிவப்பு மையினாற் கையால் எழுதப்பட்டு அதன்மீது ஒட்டப்பட்டது. தடைக்கு எதிராக மேற்கொள்ளப்பட்ட முதற் பாதுகாப்பு ஒரு கடதாசித் துண்டு என்பது சுவையான செய்தியே.

அச்சீட்டு பொறியைக் காத்தது. பொறியினுள் இருந்ததைக் காக்கவில்லை. பக்கங்கள் இடையறாது திருத்தப்பட்டமையால் பழைய வடிவங்கள் எஞ்சவில்லை. 2013இல் முதலாவது தளத்தை அதன் பழைய முகவரியிலே மீள நிறுவ சேர்ன் முற்பட்டபொழுது 1992ஆம் ஆண்டுப் பிரதியே அதற்குக் கிடைத்தது. அதனிலும் முந்திய 1991ஆம் ஆண்டுப் பிரதியொன்று அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஜோன்ஸ் என்பாரிடம் இருப்பது அதன்பின் தெரியவந்தது. பேர்ணேர்ஸ்-லீ அங்கு சென்று தம் ஆக்கத்தைக் காட்டியபொழுது அவர் அதனைப் பெற்று வைத்திருந்தார். பிறந்த இடத்தில் இல்லாதது கடல் கடந்த ஒருவர் கையில் இருந்தது.

வலை வணிகமாக மாறிய காலத்திலே தடைகளின் தன்மையும் மாறியது. 1997இல் வெளியான நெறிமுறையின் திருந்திய வடிவம், கேட்பவர் எந்தத் தளத்தை நாடுகின்றார் என்பதை அதன் பெயராலேயே தெரிவிக்கவேண்டும் என விதித்தது. இதனால் ஒரே எண் முகவரியின் கீழ், ஒரே கணனியில், நூற்றுக்கணக்கான தளங்களைக் குடியமர்த்துதல் எளிதாயிற்று. வாடகையும் மலிந்தது. ஆனால் ஒரே கிணற்றில் ஊர் முழுவதும் நீர் அள்ளுவது போன்ற நிலைமை இது. ஒரு தளத்தை நாடித் திடீரெனப் பெருங்கூட்டம் வந்தால் அதனோடு தொடர்பற்ற அயல் தளங்களும் திணறும்; ஒன்றினுள் தீய நிரல் புகுந்தால் எண் முகவரி முழுவதுமே ஐயத்துக்குரியதாகும். சிறிய சங்கங்களும் சஞ்சிகைகளும் தம் தளங்கள் அடிக்கடி முடங்குவதாகக் குறைகூறுவதன் அடிப்படைக் காரணம் இம்மலிவே.

இந்நிறுவனங்கள் அளிக்கும் உறுதிமொழி நூற்றுக்கு 99.9 வீதம் என்பதாகும். எழுத்திலே அது ஏறக்குறைய முழுமை போலத் தோன்றும். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம் எனக் கொள்ளின், எஞ்சிய 0.1 வீதம் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடங்களாகும். 99 வீதமாயின் மூன்றரை நாள்களுக்கு மேல். இந்த உறுதிமொழி மீறப்பட்டால் கிடைக்கும் நட்டஈடு வழக்கமாக வாடகையில் ஒரு பகுதி கழிக்கப்படுவதேயாகும். இங்கு நோக்கற்பாலது யாதெனில், இவ்வீதங்கள் தளம் திறந்திருக்கும் நேரத்தை மட்டுமே அளக்கின்றன. உள்ளே இருப்பது பிழைக்குமா என்பதை அவை அளப்பதில்லை.

ஜியோசிற்றீஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1994இல் தொடங்கப்பட்டு, பொதுமக்கள் இலவசமாகத் தளம் அமைக்க இடமளித்த இந்நிறுவனத்தை 1999இல் யாகூ நிறுவனம் கோடிக்கணக்கான டொலர் பெறுமதியில் வாங்கியது. தமிழெழுத்துக்கு ஒரு பொது நியமம் நிலைபெறாதிருந்த அக்காலத்திலே, வெவ்வேறு எழுத்துருக்களைக் கொண்டு அமைக்கப்பட்ட தமிழ்த் தனியார் பக்கங்கள் சிலவும் இத்தகைய இலவச இடங்களிலேயே குடியிருந்தன. 2009 ஒக்ரோபர் 26இல் ஜியோசிற்றீஸ் மூடப்பட்டது. எந்தப் பொறியும் பழுதடையவில்லை. நிறுவனத்தின் கணக்கிலே அது பயனற்றதாயிற்று, அவ்வளவே. ஜேசன் ஸ்கொற் என்பாரைச் சார்ந்த தன்னார்வக் குழுவினர் இறுதி மாதங்களிலே இயன்றவரை பிரதிசெய்து அடுத்த ஆண்டு பொதுவில் வெளியிட்டனர். இன்று அத்தளங்களைப் பற்றி ஆராய்வோர் உரியவரின் பெட்டகத்தையன்றி அயலாரின் பெட்டகங்களையே நாடவேண்டியுள்ளது.

பிரதி இருந்தும் பயனில்லாது போன நிகழ்ச்சி 2021 மார்ச் 10ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின்னர் ஸ்ராஸ்பூர்க் நகரில் நிகழ்ந்தது. ரைன் ஆற்றங்கரையோரத்தில் ஓவிஎச் என்னும் பிரெஞ்சு நிறுவனத்துக்குத் தரவு நிலையங்கள் நான்கு இருந்தன. அவற்றுள் ஐந்து மாடிகளைக் கொண்ட இரண்டாவது நிலையம் தீயினால் முற்றாக அழிந்தது. முதலாவதன் ஒரு பகுதியும் எரிந்தது. ஏனைய இரண்டும் மின் துண்டிக்கப்பட்டு நின்றன. அக்கட்டடத்திலே தன்னியக்கத் தீயணைப்பு அமைப்பு இருக்கவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. வெளிக்காற்றைக் கொண்டே கணனிகளைக் குளிர்விக்கும்படி அது வகுக்கப்பட்டிருந்தது. இதனால் மின்செலவு குறைந்தது. ஆனால் காற்றோட்டத்துக்கு உதவிய அமைப்பே தீக்கும் உதவியது. அன்று தடைப்பட்ட தளங்கள் ஏறத்தாழ 36 இலட்சம் என நெற்கிராவ்ற் நிறுவனம் கணித்தது. அவற்றுள் பல வேறிடப் பிரதிகளிலிருந்து நாள்கள் சிலவற்றில் மீண்டன. சில மீளவேயில்லை.

இவ்விடயத்திலே நமக்கு முக்கியமானது பின்னர் எழுந்த வழக்காகும். காப்புப் பிரதிக்கெனத் தனிக் கட்டணம் செலுத்தியிருந்த வாடிக்கையாளர் ஒருவர், தம் காப்புப் பிரதியும் மூலத்தோடு அதே கட்டடத்தில் வைக்கப்பட்டு எரிந்துபோனதை அறிந்து வழக்குத் தொடுத்தார். ஒப்பந்தத்திலோ அது வேறாகப் பிரித்து வைக்கப்படும் என்றிருந்தது. 2023 சனவரியில் லீல் வணிக நீதிமன்றம் முதல்நிலைத் தீர்ப்பாக ஓர் இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட நட்டஈட்டை விதித்தது. ஒரே கூரையின் கீழுள்ள இரு பிரதிகள், தீயைப் பொறுத்தவரை ஒரு பிரதியே. தென்கொரியாவின் டேஜோன் நகரில் 2025 செப்ரெம்பர் 26இல் அரச தரவு நிலையம் தீப்பற்றியபொழுதும் இதே குறை புலப்பட்டது. அங்கு அரச ஊழியர் தம் கோப்புகளை வைத்திருந்த 858 ரெராபைற் கொள்ளளவான களஞ்சியம், மிகப் பெரியது என்ற காரணத்தால் வெளியிடப் பிரதியின்றியே விடப்பட்டிருந்தது. பெரியது என்பதே அதற்குப் பிரதி வேண்டும் என்பதற்குக் காரணமாகியிருக்க வேண்டும் என நாம் கருதுகின்றோம்.

நமது நாட்டு நிகழ்ச்சி தீயோடு தொடர்பற்றது. 2023 ஆகஸ்ட் இறுதியிலே இலங்கை அரச மேகக் கணனித் தொகுதி கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்குள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. சேவை பன்னிரண்டு மணி நேரத்துள் மீட்கப்பட்டது. வீதக் கணக்கின்படி அது குறுகிய தடையே. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை, அவை மீளவில்லை. இரண்டாயிரத்து இருபத்து மூன்றின் அரச நிர்வாகத்தை எதிர்காலத்தில் ஆராயப் புகுபவர் அம்மூன்று மாதங்களிலே ஒரு வெற்றிடத்தைச் சந்திப்பார். தடையின் நீளத்துக்கும் இழப்பின் அளவுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஓலைச்சுவடிகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவற்றில் எதுவும் புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபொழுது பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடித் தொகுத்தே மூலத்தைக் கண்டார். ஏடுகளின் சிதைவு குறித்துத் தம் பதிப்புரைகளில் வருந்தி எழுதியுமுள்ளார். மடத்திலும் வீட்டிலும் ஏட்டைப் பெயர்த்தெழுதி வைத்தோர் மூல ஏடு அழியும் நாளை முன்னறிந்து அதைச் செய்தவரல்லர். ஓலை அழியும் என்பது அவர்களுக்கு இயல்பான செய்தி. மின்னெழுத்து அழியாதென்ற மயக்கமே நம்மை வேறாக நடக்கச் செய்கின்றது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன் மின்னூல்களின் முகப்பிலே, இம்முகப்பை மாற்றாது வைத்து எவரும் தாராளமாகப் பரப்பலாம் என இசைவு கொடுத்தது. பலர் இதனைப் பதிப்புரிமைக் குறிப்பாக மட்டும் வாசிப்பர்; அது பெயர்த்தெழுதுவோர்க்கு விடுத்த அழைப்புமாகும்.

மறைந்த பக்கங்களைத் தேடுவோர் இன்று பெரிதும் நம்பியிருப்பது புரூஸ்ரர் கேல் 1996இல் நிறுவிய இணைய ஆவணகத்தையே. 2024 ஒக்ரோபரில் அதுவும் தாக்கப்பட்டுச் சில நாள்கள் மூடிக்கிடந்தது. மீண்டபொழுதும் முதலில் வாசிக்க மட்டுமே இயன்றது. அனைவரும் ஒரே காப்பகத்தை நம்புவதும் ஒரே கூரையின் கீழ்ப் பிரதிகளை வைப்பதற்கு ஒப்பானதே.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. நம்மவர் வெளியீடுகளைப் பிரதிசெய்து பேணும் நூலகம் திட்டம் 2005இல் எழுந்தது அவ்விழப்பை மறவாத சமூகத்திலேயே. ஆயினும் நமது ஊர்களினதும் பாடசாலைகளினதும் அண்மைக்கால வரலாறு, மலர்களும் நினைவுக் கட்டுரைகளும் நிழற்படங்களுமாகப் பழைய மாணவர் சங்கங்களின் தளங்களிலும் குவிந்துள்ளது. இவை பெரும்பாலும் வெளிநாடுகளிலுள்ள மலிவான பொதுக் கணனிகளில் வாடகைக்கு இருப்பவை. ஆண்டு வாடகையையும் பெயர்ப்பதிவுக் கட்டணத்தையும் சங்கத்தின் அன்பர் ஒருவரே தம் சொந்தக் கணக்கிலிருந்து செலுத்தி வருவது வழக்கம். அவர் யார் என்பதோ, மற்றொரு பிரதி எவரிடமுள்ளது என்பதோ அத்தளங்களில் அநேகமாகக் குறிக்கப்படுவதில்லை.