பட்டம் வழங்கும் உரிமை: கல்லூரி பல்கலைக்கழகமான வரலாறு

‘பல்கலைக்கழகம்’ என்னும் சொல் பல கலைகள் பயிலும் அவையைச் சுட்டுகிறது. தெலுங்கில் 1926இல் தோன்றிய ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கும் ‘விசுவ களா பரிஷத்து’ என்னும் பெயரும் இத்தகையதே. கழகம், பரிஷத்து இரண்டும் அவையைக் குறிப்பன. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல்லோ கலைகளின் பன்மையைக் குறித்ததன்று. சட்ட உரிமை பெற்ற ஒரு குழுவைக் குறித்தது. தொழிற்கல்வி நிறுவனமொன்று பல்கலைக்கழகமாவதை விளக்க இம்மூலப் பொருளே பெரிதும் துணைபுரிகிறது. திருப்பதியை அடுத்த மோகன் பாபு பல்கலைக்கழகம் இதற்குத் தக்க சான்றாகும்.

தெலுங்குத் திரைப்பட நடிகர் மோகன் பாபு நிறுவிய ஸ்ரீ வித்யாநிகேதன் பொறியியல் கல்லூரி, சந்திரகிரியை அடுத்த ஏ. ரங்கம்பேட்டையில் 1996இல் தொடங்கப்பெற்றது. பாடம் கற்பித்தது கல்லூரி. பட்டம் வழங்கியது வேறொரு பல்கலைக்கழகம். 2008இல் அனந்தப்பூர் ஜவகர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தனித்து அமைந்தபின், அதன் இணைவுக் கல்லூரியாக இது விளங்கியது.

பட்டம் வழங்கிய அப்பல்கலைக்கழகமும் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து வளர்ந்ததே. அனந்தப்பூர்ப் பொறியியல் கல்லூரி 1946இல் சென்னைக் கிண்டி வளாகத்தில் தோன்றி, 1948இல் அனந்தப்பூருக்கு மாற்றப்பெற்றது. அதற்கு இடமளித்த கிண்டிக் கல்லூரியோ 1794ஆம் ஆண்டின் நில அளவைப் பள்ளியை மூலமாகக் கொண்டு, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. எனவே, கல்லூரி பல்கலைக்கழகமாதல் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று.

ஸ்ரீ வித்யாநிகேதன் கல்லூரி 2010இல் தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டம் வகுத்தலும் தேர்வு நடத்துதலும் அதன் பொறுப்பாயின. பட்டம் வழங்கும் உரிமை மட்டும் இணைவளித்த பல்கலைக்கழகத்திடமே நின்றது. 2022இல் தனியார் பல்கலைக்கழகமாக அமைந்தபோது அவ்வுரிமையும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து சந்திரகிரிப் பகுதி அதன்கண் சேர்ந்தது. இங்ஙனம் ஓராண்டிற்குள் வளாகத்தின் பெயரும் அது அமைந்த மாவட்டத்தின் பெயரும் மாறின.

இம்மாற்றங்கள் மொழிபெயர்ப்பாளர்க்கு முதன்மையானவை. 2006இல் இவ்வளாகத்தில் பயின்று தேர்ந்த ஒருவரின் சான்றிதழைப் பெயர்க்குங்கால், இன்றைய பல்கலைக்கழகப் பெயரையோ மாவட்டப் பெயரையோ அதன்மேல் ஏற்றுதல் பிழையாகும். ‘இணைவுக் கல்லூரி’, ‘தன்னாட்சிக் கல்லூரி’, ‘பல்கலைக்கழகம்’ என்பன ஒரே நிறுவனத்தைச் சுட்டினும் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு அதிகார எல்லையைக் குறிக்கும். தெலுங்கில் ‘களாசாலா’ என்பது கல்லூரி. தமிழில் முன்னர் வழங்கிய ‘சர்வகலாசாலை’யோ பல்கலைக்கழகம். ஒலி ஒப்புமை கண்டு ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், பெறாத உரிமையைப் பெற்றதாகக் காட்டும் ஆவணம் உருவாகிவிடும்.

பட்டதாரி ஒருவரின் மேற்படிப்பும் வேலையும் அவ்வொரு சொல்லைப் பொறுத்து அமைதல் கூடும். ஆதலின், நிறுவனப் பெயரை மொழிபெயர்ப்போர் அகராதியோடு நிறுவனத்தின் வரலாற்றையும் நோக்குதல் இன்றியமையாததாகும்.