பந்தியில் நூறு இலை: சாம்பிள் இசையும் வன்தட்டும்

கணினியில் இசையமைப்பவர் ஒருவர் வெளிப்புற வன்தட்டு வாங்கக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் எத்தனை ஜிகாபைட் என்றுதான் முதலில் பார்ப்பார். சினிமா, போட்டோ சேமிக்க அது போதும். ஆனால் ஒரு பியானோவையோ முழு ஆர்கெஸ்ட்ராவையோ வன்தட்டிலிருந்து நேரடியாக வாசிக்க வேண்டுமென்றால் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. அந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது? கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கட்டைக்கு ஒரு நாடா

அமெரிக்காவில் ஹாரி சேம்பர்லின் என்பவர் ஒரு வினோதமான கீபோர்டை உருவாக்கினார். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடா இருக்கும். கட்டையை அழுத்தினால் அந்த நாடாவில் பதிந்திருக்கும் வயலினோ புல்லாங்குழலோ ஒலிக்கும். இந்த யோசனை 1962-இல் இங்கிலாந்துக்குப் போய், பர்மிங்காமில் பிராட்லி சகோதரர்கள் கையில் 1963-இல் மெலோட்ரான் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. 1967-இல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர் பாட்டின் தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல் ஓசை இந்தக் கருவியுடையதுதான்.

மெலோட்ரானில் ஒரு பெரிய குறை உண்டு. நாடாவின் நீளம் ஏறக்குறைய 8 வினாடிதான். அதற்கு மேல் கட்டையை அழுத்திப் பிடித்திருந்தாலும் ஓசை நின்றுவிடும். ஆனால் ஒரு பெரிய வசதியும் இருந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் தனி நாடா, அதைப் படிக்கத் தனி ஹெட். பத்து விரலால் பத்து கட்டைகளை அழுத்தினாலும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வசதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த தொழில்நுட்பம் இழந்தது இதைத்தான்!

நினைவகத்துக்குள் சிறைப்பட்ட ஓசை

1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இரண்டு இளைஞர்கள் ஃபேர்லைட் சி.எம்.ஐ. என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். ஓசை இப்போது நாடாவில் இல்லை, எண்களாக மின்னணு நினைவகத்தில் இருந்தது. ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகம். அதில் ஒரு வினாடி ஓசை அடங்குவதே பெரிய காரியம். விலையோ ஒரு வீட்டின் விலை!

1988-இல் ஜப்பானின் அகாய் நிறுவனம் எஸ்1000 சாம்ப்ளரை வெளியிட்டது. சிடியின் தரத்தில், அதாவது 16 பிட், 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் ஒலிப்பதிவு செய்ய முடிந்தது. வாங்கும்போது 2 மெகாபைட் நினைவகம், கூடுதலாகச் சேர்த்தால் 32 மெகாபைட் வரை. இந்தத் தரத்தில் ஒரு வினாடி ஸ்டீரியோ ஓசைக்கு 1,76,400 பைட் தேவை. ஆக 2 மெகாபைட்டில் 12 வினாடிகூட முழுதாக அடங்காது. 32 மெகாபைட்டில் ஏறக்குறைய 3 நிமிடம்.

ஒரு நல்ல பியானோவுக்கு எவ்வளவு வேண்டும்? 88 கட்டைகள். மெதுவாக, ஓரளவு, பலமாக, மிகப் பலமாக என்று ஒவ்வொன்றும் 4 விதமாகப் பதிவு. ஒவ்வொரு பதிவும் 20 வினாடி. பெருக்கிப் பார்த்தால் 7,040 வினாடி, அதாவது 124 கோடி பைட்! நினைவகத்தில் இது எப்படி அடங்கும்? அடங்காது. எனவே ஓசையின் ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சுழற்றி ஒப்பேற்றினார்கள். உண்மையான பியானோவில் தந்தியின் ஒலி மெல்ல மெல்ல நிறம் மாறி அடங்கும். சாம்ப்ளரில் அந்த அடங்கும் அழகு காணாமல் போனது.

1998: ஒரு புத்திசாலித்தனம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த நெமெசிஸ் நிறுவனம் 1998-இல் ஜிகாசாம்ப்ளர் என்ற மென்பொருளை வெளியிட்டது. அதன் யோசனை மிக எளிமையானது. ஒவ்வொரு ஓசையின் தொடக்கத் துணுக்கை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொள். கட்டையை அழுத்தியதும் அந்தத் துணுக்கு உடனே ஒலிக்கட்டும். அது ஒலித்து முடிவதற்குள் மீதியை வன்தட்டிலிருந்து கொண்டுவந்து சேர்.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலையில் உப்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் முன்கூட்டியே வைத்திருப்பார்கள். உட்கார்ந்தவர் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே சோறு வந்து சேர்ந்துவிடும். யாருக்கும் காத்திருந்த உணர்வு வராது.

இதன் பலனாக 1 ஜிகாபைட் அளவுள்ள ஒரு பியானோ, அதைவிடப் பல மடங்கு சிறிய நினைவகம் கொண்ட சாதாரண கணினியில் ஒலித்தது. சுழற்றி ஒப்பேற்றும் வேலை இல்லை. தந்தி அடங்கும் கடைசி வினாடி வரை கேட்டது.

பரிமாறுபவர் ஒருவர்தான்

இங்கேதான் சிக்கல். மெலோட்ரானில் கட்டைக்கு ஒரு ஹெட் இருந்தது. வன்தட்டில் பல ஹெட்கள் இருந்தாலும் எல்லாம் ஒரே கையில்தான் பொருத்தப்பட்டிருக்கும், சேர்ந்தேதான் நகரும். பந்தியில் நூறு இலை, பரிமாறுபவர் ஒருவர்!

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கும். தேவையான இடம் ஹெட்டுக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவினாடி. கை நகர்ந்து போக இன்னொரு 9 மில்லிவினாடி. மொத்தம் 13. ஒரு வினாடிக்கு 75 இடங்களுக்குத்தான் போய்வர முடியும், அதுவும் படிக்கும் நேரத்தைச் சேர்க்காமல்.

பியானோவில் பெடலை மிதித்து வேகமாக வாசித்தால் 100 குரல்கள் ஒன்றாக ஒலிப்பது சாதாரணம். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தடவைக்கு 64 கிலோபைட் கொண்டுவந்தால் அது 0.37 வினாடிக்குத்தான் வரும். அப்படியானால் வினாடிக்கு 270 முறை ஓட வேண்டும். முடியாது! ஓசை டிக் டிக்கென்று வெட்டுப்படும், சில சுரங்கள் பாதியில் நின்றுபோகும். ஆனால் 100 குரல்களுக்கும் தேவையான மொத்தத் தரவு வினாடிக்கு 18 மெகாபைட்தான். அந்தக் காலத்து வன்தட்டுகளே தொடர்ச்சியாகப் படித்தால் அதைத் தந்துவிடும். ஆக, குறை வாளியின் அளவில் இல்லை, நடக்கும் தூரத்தில்தான்.

இதனால்தான் இயங்குதளத்துக்கு ஒரு வட்டு, சாம்பிள்களுக்குத் தனி வட்டு என்ற வழக்கம் வந்தது. 5,400 சுற்று வேண்டாம், 7,200 சுற்றே வேண்டும் என்று இசையமைப்பாளர்கள் அடம்பிடித்ததும் இதனால்தான்.

வெளிப்புற வட்டுக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: எந்தக் கேபிள்? 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0 காகிதத்தில் 480 மெகாபிட், ஃபயர்வயர் 400 மெகாபிட். பெரிய எண்ணைப் பார்த்து யுஎஸ்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். யுஎஸ்பியில் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் கணினியே முன்னின்று நடத்த வேண்டும். ஃபயர்வயர் அந்தச் சுமையைக் குறைத்ததால் நடைமுறையில் சீராக ஓடியது.

இதற்குள் நூலகங்களும் வீங்கின. செல்லோ கலைஞரான ஹெர்ப் டுக்மாண்டல் தொடங்கிய வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரி, ஒரு ஆர்கெஸ்ட்ராவைக் கருவி கருவியாக, சுரம் சுரமாகப் பதிவு செய்தது. 2010-இல் ஈஸ்ட்வெஸ்ட் வெளியிட்ட ஹாலிவுட் ஸ்ட்ரிங்ஸின் பெரிய பதிப்பு டிவிடியில் அடங்காமல் வன்தட்டிலேயே விற்பனைக்கு வந்தது. இத்தனைக்கும் வழிகாட்டிய ஜிகா மென்பொருளின் விற்பனையோ 2008-இலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

கை இல்லாத வட்டு

அதே 2008-இல் இன்டெல் நிறுவனம் 80 ஜிகாபைட் எக்ஸ்25-எம் எஸ்எஸ்டியை வெளியிட்டது. விலை 595 டாலர். கொள்ளளவு குறைவு, விலை அதிகம். ஆனால் அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. 13 மில்லிவினாடி வேலை 0.1 மில்லிவினாடிக்கும் கீழே வந்தது. நூறு இலைக்கு நூறு பேர் பரிமாற வந்துவிட்டார்கள். மெலோட்ரான் இழந்த வசதி 45 ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கிடைத்தது!

இன்று என்ன வாங்கலாம்? சாம்பிள்களை ஓடவிட எஸ்எஸ்டி. நகல் எடுத்துப் பத்திரப்படுத்த மலிவான சுழல்தட்டு போதும். கேபிளையும் பார்த்து வாங்க வேண்டும். டைப்-சி முனை இருந்தும் யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு மேல் போகாத கேபிள்கள் ஏராளம். எஃப்ஏடி32 முறையில் வட்டைத் தயார் செய்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

ஆர்கெஸ்ட்ராவை வாடகைக்கு எடுக்க வசதியில்லாத ஒரு மாணவர் தன் மனதில் ஓடும் இசையை முழுதாகக் கேட்கக் கிடைத்த வழி இது. வட்டு தடுமாறினால் சுரங்கள் அறுபடும். தன் இசைதான் சரியில்லை போலிருக்கிறது என்று அவர் விட்டுவிடவும் கூடும். அதனால் கடையில் கேட்க வேண்டியது எத்தனை ஜிகாபைட் என்று மட்டுமல்ல. ஒரே நேரத்தில் எத்தனை இலைக்குப் பரிமாறும் என்றும்தான்.